கணினியில் கோப்புகளைச் சுருக்கி வட்டில் இடத்தை மீட்பது எப்படி: விண்டோஸ் பயனருக்கான முழுமையான வழிகாட்டி

256 ஜிபி எஸ்எஸ்டி பொருத்திய மடிக்கணினியை வாங்கியவர் அதைத் திறந்து பார்த்தால், விண்டோஸ் அதை ஏறத்தாழ 238 ஜிபி என்றே காட்டும். வட்டைத் தயாரிப்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1,07,37,41,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. அந்த 238-இலும் இயங்குதளம், மென்பொருள்கள், புதுப்பிப்புகள் ஆகியவை தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சுவதுதான் பயனருக்கு. சில ஆண்டுகளில் சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறும்போது பலரும் செய்வது, ஒளிப்படக் கோப்புறையை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து ஜிப் ஆக்குவது. நெடுநேரம் காத்திருந்தும் அதில் ஏதும் மிச்சமாவதில்லை. மூலக் கோப்புறையும் ஜிப்பும் ஒரே வட்டில் கிடப்பதால், இருந்த இடமும் குறைந்துவிடும்.

சுருக்குதல் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே விதமாகப் பயன் தரும் வேலை அன்று. எந்தக் கோப்பு, அது எவ்வளவு அடிக்கடி திறக்கப்படுகிறது என்ற இரண்டையும் அறிந்த பிறகே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் அதை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பார்ப்போம்.

முதற்படி: இடத்தை எது பிடித்திருக்கிறது?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்ற பகுதிக்குச் சென்றால், செயலிகள், ஆவணங்கள், தற்காலிகக் கோப்புகள் என வகைவாரியாக விண்டோஸே கணக்குக் காட்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புவோர் விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை நிறுவலாம். அது ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற வண்ணக் கட்டமாக வரைந்து காட்டுவதால், எங்கோ ஆழத்தில் கிடக்கும் 20 ஜிபி கோப்பும் கண்ணுக்குத் தப்பாது. தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் கோப்புறையில் தங்கிப்போன பழைய நிறுவல் கோப்புகள் ஆகியவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். வேண்டாததைச் சுருக்கி வைப்பதில் பொருளில்லை.

இரண்டாம் படி: எது சுருங்கும், எது சுருங்காது?

இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போகிறவர்கள்தான் மிகுதி. ஆனால் பயன் கிடைக்குமா கிடைக்காதா என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. இழப்பின்றி, அதாவது விரித்தால் மூலக் கோப்பே அப்படியே திரும்பக் கிடைக்கும்படி, சுருக்கும் முறைகள் பெரும்பாலும், கோப்பில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்து, அதை ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் ‘முன்னே இத்தனை பைட் தள்ளி வந்ததையே மீண்டும் போடு’ என்று குறிப்பெழுதுபவை. ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் ஆகிய இருவரும் 1977-இல் வெளியிட்ட இந்த வழிமுறையையும், அடிக்கடி வரும் குறிக்குச் சிறிய எண்ணையும் அரிதாக வருவதற்குப் பெரிய எண்ணையும் தரும் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்ட முறையையும் இணைத்ததுதான், இன்றும் ஜிப் கோப்புகளில் பெருவழக்காக உள்ள டிஃப்ளேட். ஜிப் வடிவத்தை ஃபில் காட்ஸ் 1989-இல் வெளியிட்டார்.

திரும்ப வருவது ஏதுமில்லாத கோப்பில் இந்த உத்திக்கு வேலை இல்லை. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் சுருக்கித் தரும் முறை ஒன்று இருக்கவே முடியாது என்பதைக் கணக்கு வழியாகவே நிறுவலாம்: குறிப்பிட்ட நீளமுள்ள கோப்புகள் எத்தனை வகையாக அமைய முடியுமோ, அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில்தான் அதற்கும் சிறிய கோப்புகள் அமைய முடியும். ஆகவே சில சுருங்கினால் வேறு சில பெருக்கத்தான் வேண்டும். ‘எதையும் பத்தில் ஒரு பங்காக்கித் தரும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவாமலிருக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஜேபெக் படங்கள், எம்பி4 காணொளிகள், எம்பி3 பாடல்கள் ஆகியவை உருவாகும்போதே சுருக்கப்பட்டுவிடுகின்றன. பஞ்சு மூட்டையை அமுக்கலாம். செங்கல்லை அமுக்கி என்ன பயன்? ஆஃபிஸ் 2007 முதல் வந்த டாக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பிபிடிஎக்ஸ் கோப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். அவை உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. ஐயமிருந்தால் ஒரு டாக்ஸ் கோப்பைப் படியெடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் தனித்தனியாக இருக்கும். பத்துப் பக்க வேர்டு கோப்பு 40 எம்பி இருக்கிறதென்றால் குற்றம் படங்களுடையது. படமொன்றைத் தேர்ந்தெடுத்து, பிக்சர் ஃபார்மட் பட்டையில் உள்ள கம்ப்ரஸ் பிக்சர்ஸ் வசதியால் படங்களின் நுண்மையைக் குறைத்தால்தான் அது இளைக்கும். அப்படிக் குறைத்த நுண்மையைப் பிறகு மீட்க முடியாது என்பதால், அச்சுக்குப் போகும் கோப்பில் அதைச் செய்ய வேண்டாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப்களும் பெரும்பாலும் உள்ளே ஜேபெக் படங்களைக் கொண்டவையாதலால் அவற்றிலும் மிச்சமாவது சொற்பமே.

நன்றாகச் சுருங்குபவை வேறு: வெறும் உரைக் கோப்புகள், சிஎஸ்வி, எக்ஸ்எம்எல், தரவுத்தளங்களிலிருந்து எடுத்த எஸ்கியூஎல் நகல்கள், சர்வர் பதிவேடுகள், பழைய டாக் கோப்புகள், மென்பொருள் மூல நிரல்கள், சுருக்கப்படாத பிஎம்பி, டிஃப் படங்கள். ஓர் ஏ4 தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) நுண்மையில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப்பாகச் சேமித்தால் 2480 × 3508 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட் என ஏறத்தாழ 26 எம்பி ஆகிறது. அதே தாளைக் கறுப்பு வெள்ளையில், புள்ளிக்கு ஒரு பிட் என எடுத்தால், சுருக்காமலேயே ஓர் எம்பியைச் சற்றுத்தான் தாண்டும். பழைய பத்திரங்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஸ்கேன் செய்து குவித்து வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்: எடுக்கும்போது தேர்ந்தெடுக்கும் ஒரு அமைப்பு, பின்னால் எந்தச் சுருக்கு மென்பொருளும் தர முடியாத மிச்சத்தைத் தந்துவிடும். முத்திரை, கையெழுத்து ஆகியவற்றின் நிறம் முக்கியமான தாள்களை மட்டும் வண்ணத்தில் எடுத்தால் போதும்.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் இருப்பதால் அது 15 பைட் ஆகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒரு குறிக்கு ஒரு பைட் போதுமாயிருந்ததை நினைத்து, யூனிகோடு இடத்தை விழுங்குகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் தட்டச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 3 பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஒன்று. இப்படி மாறாமல் திரும்ப வருவதைத்தான் சுருக்கும் முறைகள் தேடுகின்றன. அதனால் யூனிகோடு தமிழ் உரை மிக நன்றாகச் சுருங்கும். குறியாக்கத்தால் கூடிய பருமனில் பெரும்பகுதி சுருக்கும்போது கரைந்துவிடும்.

பட்டியலைப் பார்த்தும் முடிவுக்கு வர முடியாத கோப்புறையில், மாதிரிக்குச் சில கோப்புகளை மட்டும் சுருக்கிப் பாருங்கள். பத்து விழுக்காடுகூடக் குறையவில்லையானால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: அடிக்கடி திறக்கும் கோப்புகளுக்கு என்டிஎஃப்எஸ் சுருக்கம்

சுருங்கக்கூடியவற்றுள் அன்றாடம் தேவைப்படுபவையும் இருக்கும். அவற்றை ஒவ்வொரு முறையும் ஜிப்பிலிருந்து பிரித்தெடுப்பது தொல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையிலேயே இதற்கு வசதி இருக்கிறது. கோப்பு பார்வைக்கு வழக்கம்போல இருக்கும், இரட்டைச் சொடுக்கில் வழக்கம்போலத் திறக்கும். வட்டில் எழுதும்போது சுருக்குவதையும் படிக்கும்போது விரிப்பதையும் விண்டோஸே செய்துகொள்ளும்.

கோப்புறையின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஜெனரல் தாவலில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்துங்கள். ‘கம்ப்ரஸ் கன்டென்ட்ஸ் டு சேவ் டிஸ்க் ஸ்பேஸ்’ என்ற கட்டத்தில் குறியிட்டு ஓகே கொடுத்து, பிறகு அப்ளை அழுத்தினால், இந்தக் கோப்புறைக்கு மட்டுமா, உட்கோப்புறைகளுக்கும் சேர்த்தா என்று கேட்கும், பின்னதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் அதே பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற இரண்டு வரிகளையும் ஒப்பிடுங்கள். முன்னது கோப்பின் உண்மை அளவு, பின்னது வட்டில் அது பிடிக்கும் இடம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்களுக்குக் கிடைத்த மிச்சம். சுருக்கப்பட்ட கோப்புகளின் படவுருவின் மூலையில் இரண்டு நீல அம்புகள் தோன்றும்.

இந்த முறை கோப்பை 64 கேபி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குகிறது. ஒரு துண்டுக்குள் மட்டுமே திரும்ப வருவதைத் தேட முடியும் என்பதால் அடுத்த படியில் வரும் 7-ஜிப் மென்பொருள் தரும் அளவுக்கு மிச்சத்தை இதில் எதிர்பார்க்கக் கூடாது. கோப்பின் நடுவே அடிக்கடி எழுதப்பட்டால் துண்டுகள் மீண்டும் மீண்டும் சுருக்கப்பட்டு வட்டெங்கும் சிதறும். ஆகவே இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்புகள், கணக்கு மென்பொருள்களின் நடப்பாண்டுத் தரவு, அவுட்லுக்கின் அஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி, மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். எழுதுவது குறைவாகவும் படிப்பது மிகுதியாகவும் உள்ள கோப்புறைகளே இதற்கு ஏற்றவை. மேலும் விண்டோஸின் இஎஃப்எஸ் மறையாக்கமும் இந்தச் சுருக்கமும் ஒரே கோப்பில் சேர்ந்திருக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது நீங்கிவிடும்.

சுருக்கிய கோப்புறைக்குள் புதிய கோப்பைக் காப்பி செய்தால் அதுவும் சுருக்கப்படும். அதே டிரைவிலுள்ள வேறிடத்திலிருந்து நகர்த்தி வந்தால், அது தன் பழைய நிலையிலேயே இருந்துவிடும். சில மாதங்களில் கோப்புறை ஏன் பருத்துவிட்டது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில், முழு டிரைவையும் சுருக்க ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 7 காலத்தில் தொடக்கக் கோப்பும் சேர்ந்து சுருங்கிவிட, ‘பூட்எம்ஜிஆர் இஸ் கம்ப்ரஸ்டு’ என்ற செய்தியோடு கணினி எழ மறுப்பது அறியப்பட்ட சிக்கல். இயங்குதளக் கோப்புகளைச் சுருக்குவதற்கென விண்டோஸ் 10 முதல் காம்பாக்ட் ஓஎஸ் என்ற தனி வசதி இருக்கிறது. இடம் குறைந்த கணினிகளில் அதை விண்டோஸ் தானே இயக்கிக்கொள்வதும் உண்டு. பெரிய விளையாட்டுகளும் மென்பொருள்களும் உள்ள கோப்புறைகளுக்கு அதே நவீன முறைகளைப் பயன்படுத்த விரும்பினால், காம்பாக்ட்ஜியூஐ என்ற திறமூல மென்பொருள் எளிய வழி. ஒன்று நினைவிருக்கட்டும்: இம்முறையில் சுருக்கிய கோப்பில் எழுதினால் அது முழுவதும் விரிந்துவிடும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு மீண்டும் ஒருமுறை சுருக்க வேண்டிவரும்.

நான்காம் படி: எப்போதாவது தேவைப்படும் கோப்புகளுக்கு 7-ஜிப்

முடிந்துபோன பணிகள், பழைய ஆண்டுகளின் கணக்குகள், வடிவமைப்பின் மூலக் கோப்புகள் போன்றவற்றைப் பெட்டகமாக (ஆர்க்கைவ்), அதாவது பல கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிய ஒரே கோப்பாக, ஆக்கி வைப்பதே சிறந்தது. இகோர் பாவ்லோவ் 1999 முதல் உருவாக்கிவரும் 7-ஜிப் இலவசம். அதன் 7இசட் வடிவம், ஜிப்பைவிடப் பெரும்பாலும் சிறிய கோப்பையே தருகிறது. அதே பெயரைச் சற்றே திரித்த போலித் தளங்கள் இருப்பதால், அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான் இறக்குகிறோமா என்பதை முகவரியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோப்புறையின் மீது ரைட் கிளிக் செய்து, 7-ஜிப் என்ற வரியில் ‘ஆட் டு ஆர்க்கைவ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் அந்த வரி தென்படவில்லையெனில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் இருக்கும். திறக்கும் சாளரத்தின் உச்சியில் பெட்டகம் எங்கே உருவாக வேண்டும் என்ற இடம் இருக்கிறது. சி டிரைவ் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதை டி டிரைவுக்கோ வெளிப்புற வட்டுக்கோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதி வேலையில் இடம் தீர்ந்து நின்றுவிடும்.

ஆர்க்கைவ் ஃபார்மட்டில் 7இசட், கம்ப்ரஷன் லெவலில் நார்மல், மெத்தடில் எல்இசட்எம்ஏ2 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். அல்ட்ரா என்ற நிலை கவர்ச்சியாகத் தோன்றினாலும், நேரம் கூடும் அளவுக்கு மிச்சம் கூடுவதில்லை. ஒரே மாதிரியான கோப்புகள் பல ஜிபி கிடக்கும்போதுதான் அதற்குப் பயன் உண்டு. டிக்‌ஷனரி சைஸ் என்பது, திரும்ப வருவதைத் தேட எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதன் அளவு. அதைக் கூட்டினால் சுருக்கம் மேம்படும், ஆனால் சுருக்கும்போது அந்த அளவைப்போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட ரேம் செலவாகும். தேவைப்படும் ரேமின் அளவைச் சாளரமே கீழே காட்டிவிடுகிறது. 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அந்த எண்ணைப் பார்க்காமல் ஓகே அழுத்தக் கூடாது.

சாலிட் பிளாக் சைஸ் என்ற அமைப்பைப் பலர் கண்டுகொள்வதில்லை. 7இசட் பல கோப்புகளை ஒன்றாகக் கோத்து ஒரே தொடராகச் சுருக்குகிறது. ஒத்த கோப்புகள் பல இருந்தால் வியப்பூட்டும் மிச்சம் கிடைப்பது இதனால்தான். அதற்கான விலையும் உண்டு: தொடரின் இடையே ஒரு பகுதி சிதைந்தால், அதற்குப் பின்னால் வரும் கோப்புகளும் திறக்காமல் போகக்கூடும். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படுவதால் சேதம் அந்தக் கோப்போடு நிற்கும். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பெட்டகங்களில் இதை நான்-சாலிட் என்று மாற்றிவிடுவேன். சற்றுக் கூடுதல் இடம் போனால் போகட்டும்.

கடவுச்சொல் தேவையெனில் அதே சாளரத்தில் இட்டு, ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ என்பதிலும் குறியிடுங்கள்; அப்போதுதான் கோப்புப் பெயர்களும் மறையும். 7இசட்டின் ஏஇஎஸ்-256 மறையாக்கம் உறுதியானது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்டுத் தருவோர் எவரும் இலர்.

‘டிலீட் ஃபைல்ஸ் ஆஃப்டர் கம்ப்ரஷன்’ என்றொரு கட்டமும் அங்கே உள்ளது. அதில் குறியிடாதீர்கள், நீக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ஐந்தாம் படி: சரிபார்த்த பிறகே நீக்குதல்

உருவான பெட்டகத்தின் மீது ரைட் கிளிக் செய்து, 7-ஜிப்பில் ‘டெஸ்ட் ஆர்க்கைவ்’ கொடுங்கள். அது எல்லாக் கோப்புகளையும் விரித்துப் பார்த்து, சேமித்து வைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, பிழை இல்லையென்றால் அதைச் சொல்லும். ஆனால் உள்ளே சென்ற கோப்புகள் சரியாக இருக்கின்றன என்பதற்கு மட்டுமே இது சான்று; எல்லாக் கோப்புகளும் உள்ளே சென்றனவா என்பது வேறு கேள்வி. வேறொரு மென்பொருள் திறந்து பூட்டி வைத்திருந்த கோப்பை 7-ஜிப் எடுக்க முடியாமல் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடக்கூடும். அதனால் சோதனை முடிவில் தெரியும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும், மூலக் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸ் காட்டும் எண்களோடு ஒப்பிடுங்கள். கோப்புறைகளின் எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடுதலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம்: மேல்நிலைக் கோப்புறையை 7-ஜிப் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும், விண்டோஸ் சேர்த்துக்கொள்ளாது.

இரண்டும் ஒத்திருந்தால், பெட்டகத்திலிருந்து சில கோப்புகளை வேறிடத்தில் பிரித்துத் திறந்து பார்த்துவிட்டு, மூலக் கோப்புறையை நீக்கலாம். ரீசைக்கிள் பின்னைக் காலிசெய்யும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. முக்கியமான கோப்புகளாயின், பெட்டகத்தின் இன்னொரு படி வெளிப்புற வட்டில் இருக்கும் வரை நீக்கலை ஒத்திவையுங்கள். ஒரே வட்டில் உள்ள ஒரே பெட்டகம் காப்புப்படி ஆகாது.

மூலக் கோப்புறையில் சிறுசிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இடம் மீளும். என்டிஎஃப்எஸ் வழக்கமாக 4 கேபி கட்டங்களாகவே இடம் ஒதுக்குவதால், 1 கேபி கோப்பு ஒன்றுக்கும் 4 கேபி போகிறது. அவை ஒரே பெட்டகத்துக்குள் சேரும்போது அந்த வீண் இடைவெளிகள் மறைகின்றன.

காணொளிகளும் ஒளிப்படங்களும்

வட்டின் பெரும்பகுதி இவற்றால் நிரம்பியிருந்தால், மேற்கண்ட முறைகள் உதவா. காணொளிகளை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறைக்கு மாற்றினால், 2003-இல் வந்த எச்.264 முறையில் உள்ள கோப்பு, கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாமல் பாதியளவுக்கு நெருங்கலாம். 1080பி காணொளிக்கு, தரத்தை முடிவுசெய்யும் ஆர்எஃப் மதிப்பை 22-இல் தொடங்கி, ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்; எண் கூடக்கூட அளவும் தரமும் குறையும். இது இழப்போடு கூடிய சுருக்கம் என்பதால் மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. திருமணக் காணொளி போன்றவற்றை இதற்கு உட்படுத்துவதைவிட வெளிப்புற வட்டுக்கு மாற்றிவிடுவதே தகும்.

பெட்டகத்தை வேறு கணினிக்குக் கொண்டுசெல்லும்போது

ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபி அளவுள்ள கோப்பை எழுத முடியாது. டிரைவை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள். அல்லது 7-ஜிப் சாளரத்தில் ‘ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்’ என்ற இடத்தில் அளவைக் குறித்துப் பெட்டகத்தைத் துண்டுகளாக்குங்கள். துண்டுகளை விரிக்கும்போது எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். 001 என்று முடியும் முதல் துண்டைத் திறந்தால் மற்றவற்றை 7-ஜிப் தானே எடுத்துக்கொள்ளும்.

பெறுபவரின் கணினியில் 7-ஜிப் இல்லாவிட்டாலும், 2023-இன் பிற்பகுதியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 11 தானே 7இசட், ரார் கோப்புகளைத் திறக்கிறது. 24எச்2 பதிப்பிலிருந்து 7இசட்டை உருவாக்கவும் செய்கிறது. விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு அனுப்புவதானால் ஜிப்பே பாதுகாப்பு. ஆனால் தமிழில் பெயரிட்ட கோப்புகள் பழைய ஜிப் மென்பொருள்களில் பெயர் சிதைந்து வெளிவருவதுண்டு. 7இசட் பெயர்களை யூனிகோடில் சேமிப்பதால் அந்தச் சிக்கல் அதில் இல்லை. ஜிப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டுச் சுருக்குங்கள். எந்த வடிவமானாலும், பெறுபவர் கோப்பைப் பெட்டகத்துக்குள் வைத்தே திருத்தாமல் முதலில் வெளியே பிரித்தெடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்; பெட்டகத்திலிருந்து நேரடியாகத் திறக்கும் கோப்பு ஒரு தற்காலிகப் படியே என்பதால், அதில் செய்த திருத்தங்கள் பெட்டகத்துக்குள் போய்ச் சேராமலே தொலைந்துவிடக்கூடும்.